சர்வரைப் பார்த்துக்கொள்ளப் பழகுவோம்: குமரி மாவட்டத்தில் தொடங்குபவர்களுக்கு லினக்ஸ் நிர்வாகம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினியிலும், இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் உள்ள கணினியிலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து ஸ்டுடியோக்களிலும் பள்ளி லேப்களிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் அப்படிப்பட்ட கணினிகள் மூலையில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை லினக்ஸ் ஃபைல் சர்வராக (எல்லோருடைய ஃபைல்களையும் பொதுவாக வைத்திருக்கும் கணினியாக) மாற்ற ஒரு பகல் போதும். மாற்றிய பிறகு அதை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது.

கட்டளை மறந்துபோனால் தேடிக்கொள்ளலாம். மூன்று பழக்கங்களைத்தான் முதல் நாளிலிருந்தே கையில் பிடிக்கவேண்டும். கை வைப்பதற்கு முன் கணினி என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு காகிதமாகவே இருக்கட்டும். சர்வர் படுத்துக்கொண்டால் சர்வருக்குள் வைத்த குறிப்பைத் திறக்கமுடியாது.

கட்டளைகளை ஃபோனில் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவேண்டும்; பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள் காதில் ஒன்றுபோல் கேட்கும் என்பதால், முடிந்தவரை நீளமான ஆப்ஷன் பெயர்களையே எடுத்திருக்கிறோம். தொடங்குகிறவருக்கு அதுதான் நல்லதும்கூட: பிறகு நோட்டைப் புரட்டும்போது எது எதற்கு என்று பார்த்தவுடன் விளங்கும்.

பழகுவதற்கு ஒரு கணினி

முதலில் உடைத்துப் பழக ஒன்று வேண்டும். வீட்டில் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருந்தால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் 2 ஜிபி ராம், 2 கோர், 20 ஜிபி டிஸ்க் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்குங்கள். அது தொடங்கவே மறுத்தால், பெரும்பாலும் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். அங்கே போய் ஆன் செய்யவேண்டும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ஸ்னாப்ஷாட் எடுத்தால், எதை உடைத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் பல வீடுகளில் அலமாரியில் இருக்கும். 2 ஜிபி ராம் இருந்தால், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், டெஸ்க்டாப் இல்லாமல் அதில் தாராளமாக ஓடும். பேட்டரி செத்திருந்தாலும் பழக அது போதும்.

இந்தக் கட்டுரை முழுக்க டெபியனை வைத்தே போகிறது. உபுண்டுவும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழியில் வந்தவை; இங்கே படிப்பது அங்கேயும் செல்லும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. மிகப் பழைய பிராசசர் என்றால் டெபியன் 12-ஐ எடுங்கள்.

நிறுவும்போது கவனிக்கவேண்டிய இரண்டு திரை

ஒன்று, ரூட் (முழு அதிகாரம் உள்ள தலைமைப் பயனர்) பாஸ்வேர்ட் கேட்கும் திரை. அங்கே ஒன்றும் அடிக்காமல் காலியாக விட்டால், அடுத்து நீங்கள் உருவாக்கும் பயனருக்கு சூடோ அதிகாரம், அதாவது ரூட் சார்பில் கட்டளை ஓட்டும் அதிகாரம், தானாகக் கிடைக்கும். பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் அந்தப் பயனருக்கு சூடோ கிடைக்காது. நிறுவி முடித்து உள்ளே போனதும் ‘இந்தப் பயனர் சூடோயர்ஸ் ஃபைலில் இல்லை’ என்றோ ‘சூடோ என்ற கட்டளையே இல்லை’ என்றோ திரை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, மென்பொருள் தேர்வுத் திரை. டெஸ்க்டாப், க்னோம் என்று இருப்பவற்றின் டிக்கை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வர் (வேறு கணினியிலிருந்து நுழைவதற்கானது), ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யுட்டிலிட்டீஸ் இரண்டை மட்டும் வையுங்கள். சர்வரில் இல்லாத மென்பொருளுக்கு அப்டேட் வேண்டாம், அதனால் கோளாறும் வராது.

எந்தச் சர்வரின் முன் உட்கார்ந்தாலும் முதலில் ஐந்து கட்டளை

உங்கள் சர்வரோ அடுத்தவர் சர்வரோ, எதையும் மாற்றுவதற்கு முன் இவற்றை ஓட்டிப் படியுங்கள்.

அப்டைம்
ஃப்ரீ -ஹெச்
டிஎஃப் -ஹெச்
சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்
சூடோ ஜர்னல்சிடிஎல் --ப்ரையாரிட்டி=3 --பூட்

அப்டைம் காட்டும் கடைசி மூன்று எண்கள் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. என்ப்ராக் என்று அடித்தால் எத்தனை கோர் என்று தெரியும். நான்கு கோர் உள்ள கணினியில் சுமை 3 என்றால் பரவாயில்லை. 12 என்றால் வேலைகள் வரிசையில் நிற்கின்றன. பிராசசர் சும்மா இருந்தும் சுமை ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளும் இந்த எண்ணில் சேரும்.

ஃப்ரீ காட்டும் அட்டவணையில் ‘ஃப்ரீ’ என்ற பத்தி சின்னதாக இருப்பதைப் பார்த்து ராம் தீர்ந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். மிச்சமிருக்கும் ராமை லினக்ஸ் ஃபைல்களின் தற்காலிக நகலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். தேவைப்படும்போது உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்கவேண்டியது கடைசிப் பத்தியான ‘அவைலபிள்’.

டிஎஃப் டிஸ்க்கில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும். நான்காவது கட்டளை, எழாமல் போன சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்கள்) காட்டும். ஐந்தாவது கட்டளை, இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து பதிவான பிழைகளை மட்டும் காட்டும். --பூட்=-1 என்று கொடுத்தால் அதற்கு முந்தைய ஓட்டத்தின் பதிவு வரும். ‘நேற்று ராத்திரி தானாக அணைந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் அதைத்தான் பார்க்கவேண்டும். முறையாக அணைந்திருந்தால் பதிவின் கடைசியில் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்ட வரிகள் இருக்கும். பாதி வேலையில் பட்டென்று முடிந்திருந்தால் கரண்ட்டோ பவர் சப்ளையோதான் முதல் சந்தேகம்.

பயனர்களும் அனுமதிகளும்

மார்த்தாண்டத்தில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் ஆல்பம் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக /டேட்டா/கல்யாணம் என்ற ஃபோல்டர் வேண்டும். ஒருவர் போட்ட படத்தை இன்னொருவர் திருத்தமுடியவேண்டும்.

இந்த இடத்தில் அவசரக்காரர்கள், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஹெச்மாட் 777 போட்டுவிடுவார்கள். வேலை நடக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கணினியில் ஓடும் எந்த நிரலும், நுழைந்துவிட்ட எந்த வைரஸும் எல்லாப் படங்களையும் அழிக்கலாம் என்று எழுதிக்கொடுத்ததற்குச் சமம் அது. முழு சிஸ்டத்துக்கும் 777 போட்டவர்களின் சர்வரில் சூடோவும் எஸ்எஸ்ஹெச்சும் வேலை செய்ய மறுத்துவிடும். தங்கள் ஃபைல்களை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிலையை அவை ஏற்பதில்லை.

சரியான வழி குழு. அனுமதி எண்களின் கணக்கு எளிது: படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்றவர்களுக்கு.

சூடோ க்ரூப்ஆட் ஸ்டுடியோ
சூடோ யூசர்மாட் --அப்பெண்ட் --க்ரூப்ஸ் ஸ்டுடியோ மேரி
சூடோ சிஹெச்ஜிஆர்பி ஸ்டுடியோ /டேட்டா/கல்யாணம்
சூடோ சிஹெச்மாட் 2770 /டேட்டா/கல்யாணம்

முன்னால் உள்ள 2 தான் இதில் உயிர்நாடி. அது இருந்தால் ஃபோல்டருக்குள் புதிதாக உருவாகும் ஒவ்வொன்றும் தானாக ஸ்டுடியோ குழுவுக்குச் சொந்தமாகும். இல்லாவிட்டால் படத்தை உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். அடுத்தவர் திருத்தினால் அனுமதி இல்லை என்று வரும்.

--அப்பெண்ட் என்பதை விட்டுவிட்டால், அந்தப் பயனர் அதுவரை இருந்த மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றப்படுவார். உங்களுக்கு நீங்களே அப்படிச் செய்துகொண்டால் சூடோ குழுவும் போய்விடும். குழுவில் சேர்த்த பிறகு அந்தப் பயனர் வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் மாற்றம் தெரியும்.

விண்டோஸ் கணினிகள் இந்த ஃபோல்டரைத் திறக்க, நெட்வொர்க் வழியாக அதைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருள் வேண்டும். அதில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். லினக்ஸ் பாஸ்வேர்டும் சாம்பா பாஸ்வேர்டும் வேறுவேறு. எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையால் தனியாகக் கொடுக்கவேண்டும். இன்னொன்று, சாம்பா புதிய ஃபைல்களுக்கு இயல்பாக 0744 என்ற வரம்பை வைக்கிறது. அதில் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லை. சாம்பாவின் அமைப்பு ஃபைலில், இந்த ஃபோல்டருக்கான ஷேர் பகுதியில் க்ரியேட் மாஸ்க் 0660 என்றும் டைரக்டரி மாஸ்க் 2770 என்றும் எழுதவேண்டும். எழுதியபின் டெஸ்ட்பார்ம் என்று அடித்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சொல்லும்.

சர்வீஸ்கள்

சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் என்றால் இப்போதே ஓடு; எனேபிள் என்றால் இனிமேல் கணினி எழும்போதெல்லாம் ஓடு. ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்புகிறவர்களுக்கு, அடுத்த கரண்ட் கட் முடிந்ததும் ஃபோன் வரும். எனேபிள் --நவ் என்று கொடுத்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும்.

ஒரு சர்வீஸ் எழவில்லை என்றால் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்துப் பயனில்லை. சாம்பாவின் சர்வீஸான எஸ்எம்பிடி என்றால், சூடோ ஜர்னல்சிடிஎல் --யூனிட்=எஸ்எம்பிடி --லைன்ஸ்=50 என்று கேளுங்கள். கடைசி வரியில் நிற்காமல், முதலில் தோன்றிய பிழையைத் தேடி மேலே போங்கள். அதன்பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

டிஸ்க் நிரம்பினால்

சிறு அலுவலகச் சர்வர்களில் மிக அதிகமாக வரும் கோளாறு இது. ‘தம்பி, படம் ஒண்ணும் சேவ் ஆகல்ல கேட்டியா’ என்று ஃபோன் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று நிற்கும். கண்ணில் பட்டதை அழிக்கத் தொடங்காமல் இந்த வரிசையில் போங்கள்.

டிஎஃப் -ஹெச் எந்தப் பகுதி நிரம்பியது என்று சொல்லும். அதில் இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் -ஐ (ஐ என்ற ஆங்கில எழுத்து) போடுங்கள். ஐநோட் தீர்ந்திருக்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஐநோட் வேண்டும். ஒரு மென்பொருள் லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்களைக் கொட்டிவிட்டால் ஜிபி மிச்சம் இருந்தும் ஐநோட் இருக்காது.

எங்கே நிரம்பியது என்று காண:

சூடோ டியு -ஹெச்எக்ஸ் --மேக்ஸ்-டெப்த்=1 /

எக்ஸ் என்ற எழுத்து, வேறு டிஸ்க்குகளுக்குள் போகாமல் இந்த ஒன்றை மட்டும் கணக்கிடச் சொல்கிறது. பெரிய ஃபோல்டரைக் கண்டதும் அதற்குள் இதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். மூன்று நான்கு படியில் குற்றவாளி தெரிந்துவிடும். வழக்கமாக /வார்/லாக், /வார்/கேஷ், அல்லது /ஹோம் அடியில் யாரோ இறக்கி வைத்த படங்கள்.

லாக் (கணினி எழுதிவைக்கும் பதிவு) பெருத்திருந்தால் சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம். இதில் எம் பெரிய எழுத்து. ஆப்ட் என்பது டெபியனில் மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவும் கருவி; இறக்கி நிறுவி முடித்த பேக்கேஜ்களின் நகலை சூடோ ஆப்ட் கிளீன் துடைக்கும். /பூட் நிரம்பியிருந்தால் பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்திருக்கும். சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் அவற்றை எடுக்கும். /பூட்டுக்குள் கையால் எதையும் அழிக்காதீர்கள்.

பெரிய ஃபைலை அழித்தும் இடம் கூடவில்லையா? ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போனாலும், திறந்திருக்கும்வரை டிஸ்க் அந்த இடத்தை விடாது. எல்எஸ்ஓஎஃப் என்ற கருவியை நிறுவி, சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று கேளுங்கள். ப்ளஸ்ஸுக்கு அடுத்த எல் பெரிய எழுத்து. எந்த நிரல் என்று காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்காக ஒதுக்கி வைக்கும். சிஸ்டம் இருக்கும் பகுதியில் அது அவசியம். படங்கள் மட்டும் இருக்கும் 1 டிபி டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட 50 ஜிபி வீண். ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 என்று கொடுத்து, அந்தப் பகுதியின் பெயரையும் சேர்த்தால் 1 சதவீதமாகக் குறையும்.

கரண்ட், இடி, உப்புக்காற்று

எந்தப் பாடப்புத்தகமும் நம் மாவட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் இன்னொன்று. ஐப்பசி மாலைகளில் இடியும் சேர்ந்து வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனது. சர்வர் வைப்பவர் இதையெல்லாம் முதலிலேயே கணக்கில் எடுக்கவேண்டும்.

கடைகளில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பொதுவாக 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. மாற்றும்போது போகும் இழப்பு, வேகமாக இறக்கும்போது பேட்டரி தரும் குறைவு எல்லாம் போக ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். 80 வாட் இழுக்கும் கணினிக்கு, புது பேட்டரியில் அரை மணி நேரம். மானிட்டரும் ரவுட்டரும் சேர்ந்தால் அதிலும் குறையும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி சத்து இழந்துவிடும். யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கரண்ட் போன அடுத்த நொடி எல்லாம் அணையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பகல் நேரத்தில், முக்கியமான ஃபைல் எதுவும் திறந்திராதபோது, யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

யூஎஸ்பி போர்ட் உள்ள யூபிஎஸ் என்றால், நட் என்ற மென்பொருள் தொகுப்பு பேட்டரி இறங்கும்போது சர்வரைத் தானாக முறையாக அணைக்கும். விலை குறைந்த பல மாடல்களில் அந்த போர்ட் இல்லை. ராத்திரியும் ஓடவேண்டிய சர்வர் என்றால் அந்தக் கூடுதல் காசுக்குத் தகுதி உண்டு. வாங்கும்போதே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அதில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம். ஃபேன் தாங்கும், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்டேட் நடக்கும் பாதியில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் ஆப்ட் ‘டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்’ என்று சொல்லி நிற்கும். சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ என்று கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். ‘லாக் (பூட்டு) கிடைக்கவில்லை’ என்று வந்தால் அது வேறு விஷயம்: இன்னொரு அப்டேட் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள். அந்தப் பூட்டு ஃபைலை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்டால் பேக்கேஜ் கணக்கே குழம்பிவிடும்.

இடி இறங்கும் மாலையில் பவர் பிளக்கை எடுத்தால் மட்டும் போதாது, நெட்வொர்க் கேபிளையும் எடுக்கவேண்டும். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போகும் செம்புக் கேபிளில் மின்னல் தூண்டும் அழுத்தம் போர்ட்டைக் கருக்கிவிடும். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. அதன் கடைசியில் இருக்கும் பெட்டியின் அடாப்டர் வழியாக வரும்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருக்கும் கணினிகளில் ராம், சாட்டா கேபிள் முனைகள் கறுத்துப்போகும். கணினி எழாமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், பிளக்கை எடுத்துவிட்டு ராமைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தங்க நிற முனையைத் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். டிஸ்க்கின் உடல்நிலை பார்க்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி, சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ என்று ஓட்டுங்கள். அட்டவணையில் 5, 197, 198 எண்களின் கடைசிப் பத்தி பூஜ்ஜியமாக இருக்கவேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே நகல் எடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாக இருக்கலாம், கேபிளோ அதன் முனையோ கெட்டிருக்கும். நம் கடலோரத்தில் இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிய நேரும்.

கரண்ட் வந்த பிறகு திடீரென்று இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டுகிறதா? ஆப்ட் அப்டேட் ‘நாட் வேலிட் யெட்’ என்கிறதா? டைம்டேட்சிடிஎல் அடித்துத் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். அந்த பட்டன் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

பேக்கப்

முக்கியமான எதற்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ஸ்டுடியோ மார்த்தாண்டத்தில் என்றால் மூன்றாவது நகல் உள்ள டிஸ்க் தக்கலையில் உறவினர் வீட்டு பீரோவில் இருக்கலாம். மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும்.

தினசரி நகலுக்கு யூஎஸ்பி டிஸ்க் ஒன்றை /பேக்கப் என்ற இடத்தில் மவுண்ட் செய்து (இணைத்து), இப்படி ஒரு ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைகள் கொண்ட ஃபைல்). இதில் ஆர்சிங்க்தான் நகலெடுக்கும் கருவி:

மவுண்ட்பாயின்ட் -கியூ /பேக்கப் || எக்ஸிட் 1
ஆர்சிங்க் --ஆர்கைவ் --டெலீட் --பேக்கப் --பேக்கப்-டிர்=/பேக்கப்/பழையது/$(டேட் +%எஃப்) /டேட்டா/ /பேக்கப்/டேட்டா/

தேதிக்கான எஃப் பெரிய எழுத்து. முதல் வரி இல்லாமல் இதை ஓட்டக்கூடாது. யூஎஸ்பி வயர் கழன்று டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்தால், /பேக்கப் என்பது சிஸ்டம் டிஸ்க்கில் உள்ள வெறும் ஃபோல்டர். நகல் முழுவதும் அங்கே போய்க் கொட்டி, விடியும்போது சர்வர் நிரம்பி நிற்கும்.

/டேட்டா/ என்று கடைசியில் உள்ள சாய்கோடு ‘இதற்குள் இருப்பவை’ என்று பொருள்படும். அதை விட்டால் டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டா உருவாகும். --டெலீட் மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கும். ஒருவர் தவறுதலாக அழித்த கல்யாண ஆல்பம் அன்று ராத்திரியே நகலிலிருந்தும் போகும். அதனால்தான் --பேக்கப்-டிர் சேர்த்திருக்கிறது: நீக்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும் தேதியிட்ட ஃபோல்டரில் தங்கும். முதன்முறை ஓட்டும்போது --ட்ரை-ரன் --வெர்போஸ் இரண்டையும் சேர்த்தால் எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் பட்டியலிடும்.

எப்போது ஓடவேண்டும்? அதிகாலை 2 மணி என்று க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) எழுதுவது பாடப்புத்தக வழக்கம். ராத்திரி 9 மணிக்கு மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடையில் அது ஒருநாளும் ஓடாது. அனக்ரான் நிறுவி, ஸ்கிரிப்ட்டை /இடிசி/க்ரான்.டெய்லி ஃபோல்டரில் வைத்தால், கணினி அணைந்திருந்த நாளின் வேலையை எழுந்ததும் முடிக்கும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எந்த ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) என்று குறிப்பிட்டு, சிஹெச்மாட் 755 கொடுங்கள். பெயரில் புள்ளி இருக்கக்கூடாது. கடைசியில் .எஸ்ஹெச் என்று போட்டால் அந்த ஃபோல்டரை ஓட்டும் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் அதைத் தாண்டிப் போய்விடும்.

மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு படத்தையும் ஒரு கணக்கு ஃபைலையும் வேறு ஃபோல்டரில் எடுத்து, திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்தும் திறக்காத ஃபைல்கள் உண்டு.

நெட்வொர்க், வெளியிலிருந்து நுழைவு

இணையம் இல்லை என்றால் அருகிலிருந்து தொலைவுக்குப் போங்கள். ஐபி ஏ அடித்தால் முகவரி இருக்கிறதா என்று தெரியும். பிறகு ரவுட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு 8.8.8.8-க்குப் பிங், கடைசியில் ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரவுட்டருக்கே போகாவிட்டால் கேபிளோ சுவிட்சோ.

எஸ்எஸ்ஹெச்சுக்கு பாஸ்வேர்டை விடச் சாவி நல்லது. உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் ஓட்டிச் சாவி ஃபைலை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி வழியாகச் சர்வரில் சேர்த்து, சாவியால் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகே பாஸ்வேர்ட் நுழைவை அணையுங்கள். .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, தனிச் சாவிக்கு 600. அனுமதி தளர்ந்திருந்தால் சாவி ஏற்கப்படாது. அமைப்பை மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் நுழைந்து பாருங்கள். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை ஆன் செய்வதற்கு முன் எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். நாகர்கோவிலில் உட்கார்ந்து கொல்லங்கோட்டில் உள்ள சர்வரைப் பூட்டிவிட்டால் பஸ் ஏறவேண்டியதுதான்.

உடைத்துப் பழகுங்கள்

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ற நிர்வாகிகளுக்கான தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இல்லை. உண்மையான சிஸ்டத்தில் வேலையைச் செய்து காட்டவேண்டும். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ வளைகுடாவுக்கோ வேலை தேடிப் போகிறவர்களுக்கு அது கைகொடுக்கும். தேர்வு எழுதாவிட்டாலும் அதே முறையில் பழகுவது நல்லது. ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு இவற்றை விர்ச்சுவல் மெஷினில் செய்து பாருங்கள்.

ஃபாலோகேட் கட்டளையால் 15 ஜிபி ஃபைல் ஒன்றை உருவாக்கி டிஸ்க்கை நிரப்பி, மேலே சொன்ன வரிசையில் கண்டுபிடியுங்கள். ஸ்டுடியோ குழுவிலிருந்து ஒரு பயனரை நீக்கி, அவருக்கு என்ன பிழை வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது பயிற்சி கடினம், ஆனால் இதைக் கடந்தவருக்குப் பயம் போய்விடும். கணினி எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில், கணினியில் இல்லாத ஒரு டிஸ்க்கின் பெயரை எழுதி ரீபூட் செய்யுங்கள். ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோட் என்று நிற்கும். ரூட் பாஸ்வேர்ட் வைக்காததால் ‘ரூட் கணக்கு பூட்டப்பட்டுள்ளது’ என்று சொல்லி உள்ளேயும் விடாது. மறுபடி ரீஸ்டார்ட் செய்து, கணினி எழும்போது முதலில் வரும் க்ரப் மெனுவில் இ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இனிட்=/பின்/பாஷ் என்று சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்கள். பாஸ்வேர்ட் கேட்காமல் ஷெல் வரும். மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று கொடுத்தால் டிஸ்க்கில் எழுத முடியும். நானோவில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து தவறான வரியின் முன் # போட்டு, கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். பிறகு சிங்க் என்று அடித்து, ரீபூட் -எஃப். வழக்கம்போல் எழும். நிஜச் சர்வரில் எஃப்எஸ்டேப்பைத் தொட்டால், ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டுங்கள். யூஎஸ்பி டிஸ்க்குகளின் வரியில் நோஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால், அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழுந்துவிடும்.